ஸர் ஜோசப் பாஸல்ஜெட்

கோபுரம் எடுத்தவன் புகழைக் கோபுரமே எடுத்துக் கூறும். மண்ணுக்கடியில் வேலை செய்து மறைந்தவன் புகழை யார் கூறுவார்? அவன் வேலை நன்றாய் நடைபெறுமளவும் அதனை ஒருவரும் நினையார். அது பழுதுற்ற அன்றே ஊரார் அவன் பெயரைத் தேடுவர். இலண்டன் மாநகரின் கழிநீர்ச் சுரங்கங்களை அமைத்த ஸர் ஜோசப் பாஸல்ஜெட் என்பார் அத்தகைய வேலை செய்தோருள் தலைசிறந்தவர். இலக்கிய மாணவராகிய யாம் சாக்கடை கட்டியவர் ஒருவருடைய சரிதத்தை எழுதப் புகுந்தமை கண்டு எம் நண்பர் சிலர் நகைத்தனர். நகைப்பு நியாயமே. ஆயினும், ஒரு பெருந்திட்டத்தின் தரத்தைக் காப்பது எவ்வாறு என்னும் வினாவிற்கு இக்காலத்து மேலாண்மை நூல்கள் தரும் விடையிற் பெரும்பகுதியை இவர் 1859-ஆம் ஆண்டு தொடங்கிச் செய்தே காட்டினார் என்று அறிந்தபின், எழுதாதிருக்க எமக்கு மனம் ஒப்பவில்லை.

இவர் 1819-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ஆம் நாள் இலண்டனுக்கு வடக்கேயுள்ள என்பீல்டு என்னும் ஊரிற் பிறந்தார். பாட்டனார் பிரஞ்சு நாட்டினர், தையற்றொழிலில் வல்லவர். அவர் இங்கிலாந்திற் குடியேறி, பின்னாளில் நான்காம் ஜார்ஜ் எனப் பெயர் பெற்று முடிசூடிய இளவரசருக்கு ஆடை தைத்துக் கொடுத்துப் பெருஞ்செல்வம் ஈட்டினார். தந்தையார் ஆங்கிலக் கடற்படைத் தலைவருள் ஒருவர், போரிற் காயமுற்றவர். பாட்டனார் ஓர் அரசகுமாரனுக்கு அளவெடுத்தார். பேரனாரோ ஒரு மாநகரத்துக்கே அளவெடுத்தார் என்று நாம் வேடிக்கையாய்க் கூறிக்கொள்ளலாம்.

பதினேழு வயதில் இவர் ஜான் மாக்நீல் என்னும் எஞ்சினீயரிடம் மாணாக்கராய் அமர்ந்து, அயர்லாந்து தேசத்திலே சதுப்பு நிலங்களினின்று நீரை வடித்து அவற்றை விளைநிலமாக்கும் வேலையைக் கற்றார். நீர் எவ்வளவு சரிவில் ஓடும், எங்கே தேங்கும், தேங்கினால் என்ன கேடு செய்யும் என்பனவெல்லாம் இவருக்கு ஆங்குக் கைவந்தன. 1842-இல் இலண்டனில் தாமே தொழில் தொடங்கினார். 1845-இல் மணம் புரிந்தார். பிற்காலத்தில் பதினொரு மக்களுக்குத் தந்தையானார். அக்காலத்தில் ஆங்கில நாடு முழுவதும் இருப்புப்பாதைப் பித்துக் கொண்டிருந்தது. எஞ்சினீயர்கள் இரவு பகலாய் வரைபடம் எழுதினர். பாஸல்ஜெட்டோ மெலிந்த உடலினர். 1847-இல் வேலையின் மிகுதியால் உடலும் உள்ளமும் ஒருங்கே சோர்ந்து படுத்துவிட்டார். இந்நிலையினின்று தேறி எழுந்தவர் இனி இலகுவான தொழில் ஒன்றைத் தேடுவார் என்றே எவரும் எண்ணுவர். இவர் தேடியது இலண்டனின் சாக்கடையை!

அந்நாள் இலண்டன் எவ்வாறிருந்தது என்பதைச் சிறிது கூறுதல் வேண்டும். இருபத்தைந்து இலட்சம் மக்கள் நெருங்கி வாழ்ந்த அந்நகரில் முன்னே வீடுதோறும் மலக்குழிகள் இருந்தன. அவற்றை மூடி, வீட்டுக் கழிநீரையெல்லாம் தெருச் சாக்கடையிற் சேர்க்க வேண்டுமென்று அதிகாரிகள் கட்டளையிட்டனர். சாக்கடைகளெல்லாம் தேம்ஸ் நதியில் வீழ்ந்தன. அந்நதியினின்றே பல கம்பெனிகள் குடிநீர் எடுத்து மக்களுக்கு விற்றன. 1848, 1849 ஆகிய ஆண்டுகளில் வாந்திபேதி 14,000 பேருக்கு மேற்பட்டோரை வாரிக்கொண்டு போயிற்று. 1853, 1854 ஆண்டுகளில் அந்நோய் மீண்டும் வந்து 10,000 பேருக்கு மேல் கொன்றது. ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் மட்டும் இந்நோய் குடிநீர் வழியாய்ப் பரவுகின்றதென்று கூறி, 1854-இல் பிராட் தெருக் குழாய் ஒன்றைச் சான்றாகவும் காட்டினார். அறிஞர் உலகம் அவர் கூற்றை ஏற்கவில்லை. துர்நாற்றமே நோய்க்குக் காரணம் என்பது அக்காலத்தார் துணிபு. பாஸல்ஜெட்டும் அத்துணிபினரே என்பதை யாம் மறைக்க விரும்பவில்லை. நாற்றத்தை நீக்க முயன்றவர் நோயையும் நீக்கினார். காரணம் தவறாயிருக்கவும் காரியம் செம்மையாய் முடிந்த விந்தைகளுள் இஃது ஒன்று.

1849-இல் நகரச் சாக்கடை ஆணையத்தில் இவர் துணை நிலஅளவையாளராய்ச் சேர்ந்தார். தலைமை எஞ்சினீயராயிருந்த பிராங்கு பார்ஸ்டர் கவலையாலும் களைப்பாலும் நலிந்து 1852-இல் இறந்தார். அவ்விடம் பாஸல்ஜெட்டுக்குக் கிடைத்தது. 1856-இல் மெட்ரோபாலிடன் போர்டு என்னும் புதிய நகர வேலைச் சபை தோன்றியபோது, புரூனல் முதலிய பேரெஞ்சினீயர்களின் ஆதரவோடு அதன் தலைமை எஞ்சினீயராய் அமர்ந்தார். பதவி வந்ததேயன்றி அதிகாரம் வரவில்லை. இவர் வகுத்த திட்டத்தை அரசாங்கத்தின் கட்டட மந்திரியாகிய ஸர் பெஞ்சமின் ஹால் திருப்பித் திருப்பி அனுப்பினார். கழிநீர் விழுமிடம் நகர எல்லைக்குள் இருக்கிறதென்பது ஒரு தடை. அதனை அப்பாற் கொண்டுபோனால் ஆகும் செலவை யார் கொடுப்பது என்பது மற்றொரு தடை. இரண்டு ஆண்டுகள் காகிதத்திலே கழிந்தன.

1858-ஆம் ஆண்டுக் கோடைக்காலம் இவ்வழக்கைத் தீர்த்துவைத்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் வெயில் கடுமையாய்க் காய்ந்தது. தேம்ஸ் நதி வற்றிக் கரையெல்லாம் மலச்சேறாயிற்று. நதிக்கரை மேலுள்ள பார்லிமெண்டு மண்டபத்தில் உறுப்பினர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினர். சாளரத் திரைகளைச் சுண்ணாம்பு மருந்து நீரில் தோய்த்துத் தொங்கவிட்டும் பயனில்லை. ஏழைகள் பதினாயிரக்கணக்காய் மாண்டபோது அசையாத சட்டசபை, தன் மூக்கிற்கு நாற்றம் எட்டியவுடன் விரைந்து எழுந்தது. டிஸ்ரேலி ஜூலை மாதம் 15-ஆம் நாள் கொண்டுவந்த மசோதா ஆகஸ்டு 2-ஆம் நாளே சட்டமாயிற்று. இடையில் பதினெட்டே நாட்கள். 30 இலட்சம் பவுன் கடன் வாங்கும் உரிமையும், தன் திட்டத்தைத் தானே முடிவு செய்யும் உரிமையும் சபைக்குக் கிடைத்தன. ஜான் ஸ்னோ அந்த ஜூன் மாதத்திலேயே இறந்துபோனார்.

திட்டத்தின் அமைப்பைக் கூறுவது எளிது, செய்வதே அரிது. பழைய சாக்கடைகள் வடக்கினின்றும் தெற்கினின்றும் நதியை நோக்கி ஓடின. அவை நதியைச் சேருமுன் குறுக்கே மறித்துக் கழிநீரைக் கிழக்கு நோக்கித் திருப்பும் பெருஞ்சுரங்கங்களை இவர் வகுத்தார். வடகரையில் மேல்மட்டம், நடுமட்டம், கீழ்மட்டம் என மூன்று. தென்கரையிலும் அவ்வாறே வெவ்வேறு மட்டங்கள். மைலுக்கு இரண்டடியேனும் சரிவு இருக்குமாறு செய்து, நீரைத் தன் பாரத்தாலேயே ஓடவிட்டார். ஓடமுடியாத தாழ்வில் நீராவி இயந்திரங்களை நிறுத்தி மேலேற்றினார். தலைச்சுரங்கங்களின் குறுக்குவடிவம் பெரும்பாலும் வட்டமானது; சிறு கிளைச் சாக்கடைகளின் வடிவமே முட்டை போன்றது. குறுகிய முனை கீழே இருக்கும். நீர் குறைந்த காலத்திலும் அக்குறுகிய அடியில் அது விரைந்தோடி வண்டலை அடித்துச் செல்லும். மழைநீர் பெருகினால் அகன்ற மேற்பகுதி இடங்கொடுக்கும். இங்ஙனம் 82 மைல் நீளமுள்ள தலைச்சுரங்கங்கள் எழுந்தன. அவற்றிற்கு 31 கோடியே 80 இலட்சம் செங்கல்லும், 8,80,000 கன கெஜம் காங்கிரீட்டும் செலவாயின. செங்கல் விலை நகரமெங்கும் ஏறிற்று. கொத்தர் கூலியும் ஏறிற்று.

இனி, யாம் இச்சரிதத்தை எழுதத் துணிந்ததற்குக் காரணமான பகுதிக்கு வருவோம். வீட்டுச் சுவரிற் குற்றமிருந்தால் கண்ணுக்குத் தெரியும், இடித்துக் கட்டலாம். கழிநீர்ச் சுரங்கமோ கட்டி முடிந்த நாளிலேயே மண்ணால் மூடப்படுவது. மேலே தெருவும் கடைவீதியும் எழுந்துவிடும். உள்ளே இடையறாது நீர் ஓடும். பின்னர்க் குற்றம் காண்பதெப்படி? கண்டாலும் நீக்குவதெப்படி? ஆதலின் இவ்வேலையின் தரத்தை முடிந்த பின் சோதித்து அறிதல் என்பது ஆகாத காரியம். மூடுமுன்னரே, அன்றிச் செங்கல்லும் சாந்தும் வேலைக்களத்தில் வந்திறங்கும்போதே தரத்தைத் தீர்மானித்துவிடல் வேண்டும். பாஸல்ஜெட் இவ்வுண்மையை முற்ற உணர்ந்திருந்தார்.

சாந்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். அந்நாளில் நீருக்கடியில் நடக்கும் வேலைக்கு ரோமன் சிமெண்டு என்பதையே எஞ்சினீயர்கள் பெரிதும் நம்பினர். போர்ட்லண்டு சிமெண்டு என்னும் புதுப்பொருளுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் 1824-இல் உரிமை பெற்றிருந்தார். பின்வந்தோர் அதனைத் திருத்தி மிக வலியதாக்கினர். அது நீருக்குள் இருக்க இருக்க இறுகும் இயல்பினது. ஆனால் அதற்கு ஒரு பெருங்குறை உண்டு. சுண்ணாம்பும் களிமண்ணும் அளவு பிசகினாலும், சூளையில் வேக்காடு மிகினும் குறையினும் அது கெட்டுவிடும்; கெட்டதைப் பார்வையால் அறிதல் அரிது. நல்ல மூட்டையும் தீய மூட்டையும் சாம்பல் நிறத்தில் ஒன்றுபோலவே காணப்படும். இத்தகைய பொருளை நம்பி மாநகரம் ஒன்றின் சுரங்கத்தைக் கட்டுவது பேரிடர் என்று பலர் கருதினர். இவரோ அப்பொருளைத் தள்ளவுமில்லை; கண்ணை மூடிக்கொண்டு கொள்ளவுமில்லை. சோதித்துக் கொள்வதென்று துணிந்தார்.

அச்சோதனையை நடத்தியவர் இவருடைய உதவி எஞ்சினீயருள் ஒருவராகிய ஜான் கிராண்டு. ஒரு புஷல் அளவு சிமெண்டு 110 இராத்தல் நிறைக்குக் குறைதல் கூடாது என்பது முதல் விதி. வேகாத சிமெண்டு இலேசாயிருக்கும். நன்கு வெந்தது கனக்கும். ஆதலின் நிறை சூளையின் சாட்சியாயிற்று. இரண்டாம் விதி இதனினும் நுட்பமானது. சிமெண்டைக் குழைத்து, நடுவில் இடை சிறுத்த சிறு கட்டியாக அச்சில் வார்த்து, ஏழு நாள் நீருக்குள் இட்டு வைப்பர். எட்டாம் நாள் எடுத்து நெம்புகோல் இயந்திரம் ஒன்றில் இரு முனையையும் கவ்வச் செய்து, முறியும்வரை பாரம் ஏற்றுவர். சிறுத்த இடையின் பரப்பு ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம். அது 400 இராத்தல் பாரமாவது தாங்குதல் வேண்டும். பின்னர் இவ்வெல்லை 500 இராத்தலாக உயர்த்தப்பட்டது. தாங்காத சிமெண்டு வேலைக்கு ஆகாது. வேலைக்களம் வந்த சரக்கிலிருந்து ஓயாது மாதிரி எடுத்தனர்; ஓயாது கட்டி வார்த்தனர்; முறிந்த பாரத்தை நாள்தோறும் ஏட்டிற் பதிந்தனர். இவ்வாறு ஆயிரக்கணக்கான சோதனைகள் நடந்தன. ஏறக்குறைய 70,000 டன் சிமெண்டு இவ்வாயிலைக் கடந்தே சுரங்கம் புகுந்தது. கிராண்டு அவ்வேடுகளைத் தொகுத்து 1865-இல் எஞ்சினீயர் சங்கத்தில் வெளியிட்டார். ஓராண்டு, ஈராண்டு என நாட்பட நாட்பட அச்சிமெண்டின் வலிமை வளர்ந்தது என்பதையும் அவர் கணக்கினால் நிறுவினார்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். சோதனைக்கு ஆன செலவு சிமெண்டு விலையில் மிகச் சிறிய பங்கு. சோதியாது விட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவோ, தெருக்களைத் தோண்டுதல், சுரங்கத்தை இடித்தல், மீண்டும் நோய், மீண்டும் சாவு. தரத்தின் விலை எது, தரமின்மையின் விலை எது என்று இக்காலத்து நூல்கள் தராசின் இரு தட்டில் இட்டு நிறுக்கின்றன. முன்னே காப்பதற்கு ஆகும் காசு பின்னே பழுது பார்க்க ஆகும் காசினும் மிகக் குறைவு என்பதே அவற்றின் முடிபு. மேலும் ஒன்று. நல்ல சிமெண்டைச் செய்வது சோதனையன்று, சூளைக்காரனே. ஆனால் இன்ன நிறை, இன்ன வலிமை இல்லாத சரக்கு திருப்பி அனுப்பப்படும் என்று முன்னரே எழுதிவைத்த ஒப்பந்தத்தைப் படித்த சூளைக்காரன் தன் சூளையைத் தானே கவனிப்பான் அன்றோ? விதி தெளிவாயிருந்தால் அது வேலைக்களத்தின் வாயிலில் நிற்பதோடு அமையாது, தொலைவிலுள்ள ஆலைக்குள்ளும் சென்று வேலை செய்கின்றது. இன்னது வேண்டுமென்று முதலில் வகுத்தலைத் தரத் திட்டம் எனவும், செய்யும் முறை செவ்விதா என்று பார்த்தலைத் தர உறுதி எனவும், செய்த பொருள் விதிக்கு ஒத்ததா என்று அளந்தறிதலைத் தரக் கட்டுப்பாடு எனவும் இந்நாளில் வேறுபடுத்திக் கூறுவர். பாஸல்ஜெட் இப்பெயர்களுள் ஒன்றையும் கேட்டறியார்.

கிராண்டின் ஏட்டிற்கும் பிற்கால ஆசிரியர் கண்ட கருவிகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதனையும் குறிப்பிடுதல் நேர்மை. 500 இராத்தல் என்பது வாங்குபவர் விதித்த எல்லை. அதற்கு மேல் நின்றது நன்று, கீழே வீழ்ந்தது தீது என்று மட்டுமே அது கூறும். 1924-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் டெலிபோன் கருவிகள் செய்யும் தொழிற்சாலையைச் சார்ந்திருந்த வால்ட்டர் ஷூஹார்ட்டு என்னும் அறிஞர் வேறொரு வினாவை எழுப்பினார். எந்த வேலையிலும் அளவுகள் சிறிது ஏறியும் இறங்கியும் வருவது இயற்கை. அவ்வேற்றத்தாழ்வு இயற்கையானதா, தனிக்காரணம் ஒன்று புகுந்ததால் விளைந்ததா என்று பிரித்தறிவதெப்படி என்பதே அது. இதற்கென அவர், வேலையின் பழைய அளவுகளைக்கொண்டே மேலும் கீழும் இரு கோடுகள் கிழித்து, புதிய அளவுகளை அவற்றினிடையே புள்ளியாய்க் குறிக்கும் படத்தை அமைத்தார். புள்ளி கோட்டைத் தாண்டினால் காரணத்தைத் தேடுக. தாண்டாவிடில் வேலையைக் கலைக்காதே என்பது அதன் நெறி. பாஸல்ஜெட்டின் காலத்தில் இக்கணக்கு இல்லை. ஆயினும் நாள்தோறும் ஓர் எண்ணை ஏட்டில் எழுதும் வழக்கம் இல்லாத இடத்தில் எந்தக் கோட்டை எவர் கிழிக்க முடியும்?

வரைபடங்களிலும் இவர் கண் அப்படியே இருந்தது. ஊர்க்கோயிற்பற்றுத் தோறும் பழைய தெருச் சாக்கடையைப் புதிய சுரங்கத்தோடு இணைக்க வேண்டியிருந்தது. அவ்விணைப்புப் படங்கள் ஆயிரக்கணக்கில் இவர் மேசைக்கு வந்தன. இவரே பார்த்து, ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாகத் தம் பெயரின் முதலெழுத்துக்களை இட்டார். ஒரு படத்தில் ஆறங்குலக் குழாய் குறிக்கப்பட்டிருந்தது பிடிக்காமல், ஒன்பதங்குலமே வேண்டுமென்று ஓரத்தில் எழுதித் திருப்பினார். மூன்று அங்குலத்திற்காக ஒரு தலைமை எஞ்சினீயர் இத்துணை மல்லாடுவதா என்று அக்காலத்துக் குமாஸ்தாக்கள் முணுமுணுத்திருக்கலாம். எம் தமிழாசிரியர் ஒற்றெழுத்து ஒன்றுக்காகக் கட்டுரையைத் திருப்பியளித்த நாளில் யாமும் முணுமுணுத்தோம்.

மற்றொரு நுட்பமும் இவர் வேலையில் விளங்குகின்றது. அழகு வேறு, தரம் வேறு. சுரங்கத்துள் இட்ட செங்கல்லுக்கு ஓர் அணியும் இல்லை; எவரும் காணாத இடத்தில் அணி எதற்கு? ஆனால் அது பிளவில்லாததாயும் நன்கு வெந்ததாயும் இருத்தல் இன்றியமையாதது. தென்கரையிலே கிராஸ்னஸ் என்னும் இடத்தில் எழுந்த இயந்திரசாலையிலோ இரும்புத் தூண்களிலும் வளைவுகளிலும் பூவும் இலையும் வார்த்து வண்ணந்தீட்டினர். எளிய வகைப் பொருள் குற்றமற்றதாயிருந்தால் அது தரமுடையது. உயர்ந்த வகைப் பொருள் பழுதுற்றிருந்தால் தரமற்றது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, பூவேலை செய்தமையே தரம் என்று மயங்குவோர் உலகிற் பலர்.

1865-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4-ஆம் நாள் வேல்ஸ் இளவரசர் கிராஸ்னஸில் இயந்திரங்களை ஓட்டித் தொடங்கிவைத்தார். நான்கு பேரியந்திரங்களுக்கும் அரச குடும்பத்தார் பெயர்கள் இடப்பட்டன. விருந்து நடந்தது, நகரம் மகிழ்ந்தது. ஆனால் வேலை முற்றும் முடியவில்லை. வடகரையில் கீழ்மட்டச் சுரங்கத்தின் நீரை மேலேற்ற வேண்டிய ஆபி மில்ஸ் என்னும் இயந்திரசாலை இன்னும் எழவில்லை. அச்சுரங்கத்தால் பயனுற வேண்டியிருந்த பகுதி ஏழைகள் வாழும் கீழ்த்திசை இலண்டன்.

அடுத்த ஆண்டாகிய 1866-இல் அப்பகுதியிலேயே வாந்திபேதி தோன்றிற்று. அவ்வாண்டு இலண்டனில் இறந்தோர் 5,500 பேருக்கு மேற்பட்டோர். அவர்களுட் பெரும்பாலார் கீழ்த்திசையார். சுரங்கம் முடிந்த இடங்களில் நோய் பெரிதும் பரவவில்லை. முடியாத இடத்தில் மட்டும் வெறியாட்டயர்ந்தது. இச்செய்தியைப் படிக்கையில் எம் நெஞ்சு கலங்கியது. ஒரு நகரத்தை இரு கூறாக வகுத்து, ஒரு கூற்றில் வேலையைச் செய்தும் மற்றொரு கூற்றிற் செய்யாதும் வைத்து, பயனை ஒப்பிட்டுப் பார்த்தாற்போல அமைந்துவிட்டது அவ்வாண்டு. அவ்வொப்பீட்டிற்குக் கொடுத்த விலை ஆயிரக்கணக்கான உயிர்கள்.

பிறப்பு இறப்புக் கணக்குகளை ஆராயும் அதிகாரியாகிய வில்லியம் பார் என்பார் இறந்தோர் வீடுகளைக் கணக்கிட்டு, ஒரே குடிநீர்க் கம்பெனியின் குழாய்கள் சென்ற வழியே நோயும் சென்றிருப்பதைக் கண்டார். முன்னே ஸ்னோவின் கருத்தை ஏற்கத் தயங்கியவர் அவரே என்பது நினைக்கத்தக்கது. சில வீட்டுக் குழாய்களில் விலாங்கு மீன்கள் வந்து விழுந்தன. வடிகட்டிய நீரில் விலாங்கு வருவதெப்படி? தேடிச் சென்றபோது, மூடப்படாத நீர்த்தேக்கம் ஒன்றில் லீ என்னும் சிற்றாற்றின் அழுக்கு நீர் கசிந்து கலந்தமை வெளிப்பட்டது. விளைந்த கேட்டினின்று பின்னோக்கிப் படிப்படியாய்ச் சென்று மூலகாரணத்தைக் கண்டுபிடிக்கும் முறைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு யாம் அறியோம். ஜப்பானியப் பேராசிரியர் இஷிகாவா, பிற்காலத்தில் மீன்முள் வடிவான படம் ஒன்றை வரைந்து, காரணங்களையெல்லாம் கிளை கிளையாக அதில் எழுதிப் பார்க்கக் கற்பித்தார். பார் என்பாருக்கு முள் கிடைக்கவில்லை; மீனே கிடைத்தது.

1868-இல் ஆபி மில்ஸ் முடிந்தது. அதன்பின் இலண்டனில் வாந்திபேதி கொள்ளைநோயாய்ப் பரவவேயில்லை.

இதற்கிடையே தேம்ஸ் நதியின் சேற்றுக்கரைகளை ஒதுக்கிக் கருங்கல் மதிலெடுத்து அகன்ற சாலை அமைக்கும் வேலையையும் இவரே ஏற்று நடத்தினார். 1869-இல் ஆல்பர்ட் கரையும், 1870-இல் விக்டோரியா கரையும், 1874-இல் செல்சி கரையும் முடிந்தன. நதியினின்று 52 ஏக்கர் நிலம் மீட்கப்பட்டது. விக்டோரியா கரையின் வயிற்றுக்குள் கீழ்மட்டக் கழிநீர்ச் சுரங்கமும், நிலத்தடி இருப்புப்பாதையும் அடங்கியுள்ளன. மேலே உலாவுவோருக்கு மரநிழலும் காற்றும். இவ்வேலையின் பின் இவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. பாலங்கள் சிலவும் கட்டினார். அவற்றை விரித்துரையாது விடுகின்றோம்.

புகழுரை மட்டுமே எழுதுவது சரித்திரமாகாது. பாஸல்ஜெட்டின் வேலையில் ஒரு பெருங்குறை இருந்தது. அது செங்கல்லிலும் இல்லை, சிமெண்டிலும் இல்லை, விதியிலேயே இருந்தது. திட்டம் கழிநீரை இலண்டனுக்குக் கிழக்கே கொண்டுபோய், தேக்கிவைத்து, கடல்நீர் இறங்கும் வேளையில் நதியில் விடுவது. சுத்தி செய்து விடுவதன்று, அப்படியே விடுவது. இலண்டன் மக்களுக்கு நாற்றம் எட்டாதிருத்தல் வேண்டும் என்பதே இவருக்கு இட்ட கட்டளை. அக்கட்டளையை அங்குலமும் பிசகாது நிறைவேற்றினார். கீழ்நதிக் கரையில் வாழும் மக்களுக்கு என்ன ஆகும் என்று கட்டளையில் எவரும் எழுதவில்லை. பார்க்கிங் ஊரார் நதி கெடுகின்றதென்று முறையிட்டனர்.

1878-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 3-ஆம் நாள் மாலையில், உல்லாசப் பயணம் சென்று திரும்பிய பிரின்ஸஸ் ஆலிஸ் என்னும் நீராவிக்கப்பல், நிலக்கரிக் கப்பலொன்றோடு மோதி நதியில் மூழ்கிற்று. அறுநூற்றுக்கு மேற்பட்டோர், குழந்தைகளும் பெண்டிரும் உட்பட, இறந்தனர். அவர்கள் வீழ்ந்த இடம் கழிநீர் வாயில்களுக்கு அண்மையது. ஒரு மணி நேரத்துக்கு முன்னரே அவ்வாயில்கள் திறக்கப்பட்டிருந்தன. நீந்தத் தெரிந்தவர் சிலரும் அந்நீரால் மாண்டனர் என்று மக்கள் கொதித்தனர். சபையார் நதியின் கேட்டிற்குத் தாம் காரணரல்லர் என்றே வாதித்தனர். பாஸல்ஜெட்டும் தம் வேலைக்காக வாதாடினார். ஏழு நாள் நீரில் இட்டுச் சோதித்த பின்னன்றிச் சிமெண்டு மூட்டை ஒன்றையும் நம்பாதவர், தாம் வகுத்த முடிவை மட்டும் அங்ஙனம் சோதனைக்கு உட்படுத்தச் சற்றுத் தயங்கினார் என்றே எமக்குத் தோன்றுகிறது. விதிக்கு ஒத்திருத்தல் ஒன்று. பயன்படுவோர் எல்லாருக்கும் தக்கதாயிருத்தல் மற்றொன்று. முன்னதை அளக்க நெம்புகோல் போதும். பின்னதை அளக்கப் பயன்படுவோர் யாவர் என்ற கேள்வியை முதலிற் கேட்டாக வேண்டும். கீழ்நதியாரை எவரும் கணக்கிற் சேர்க்கவில்லை.

அரசாங்கம் ஓர் ஆராய்ச்சிக் குழுவை அமைத்தது. கழிநீரை அப்படியே நதியில் விடலாகாதென்று அக்குழுவினர் 1884-இல் முடிவு கூறினர். அறுபத்தைந்து வயதை எட்டிய பாஸல்ஜெட், தாம் எதிர்த்து வாதாடிய அம்முடிவையே நிறைவேற்றும் வேலையில் இறங்கினார். கழிநீரில் மருந்து கலந்து திண்மப் பொருளை அடியிற் படியச் செய்து, அவ்வண்டலைக் கப்பலேற்றிக் கடலுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு 1887-இல் தொடங்கிற்று. வண்டல் சுமந்த முதற்கப்பலுக்கு பாஸல்ஜெட் என்றே பெயரிட்டனர். அது பெருமையோ, ஏளனமோ? அவர் பெருமையாகவே கொண்டிருப்பார் என்பது எம் எண்ணம். சாக்கடை என்னும் சொல்லுக்கு ஒருபோதும் கூசாதவர் அவர். கடலில் வண்டல் கொட்டும் அவ்வழக்கமும் நல்லதன்றென்று பிற்காலத்தார் உணர்ந்து, 1998-இல் நிறுத்திவிட்டனர்.

1889-இல் நகர வேலைச் சபை கலைக்கப்பட்டு, புதிய நகராண்மைக் கழகம் தோன்றியது. பாஸல்ஜெட் அவ்வாண்டே ஓய்வு பெற்று விம்பிள்டன் என்னும் ஊரில் வாழ்ந்து, 1891-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15-ஆம் நாள் காலமானார். மறு ஆண்டில் ஜெர்மனி தேசத்து ஹாம்பர்க் நகரத்தில் வாந்திபேதி புகுந்து எண்ணாயிரம் பேருக்கு மேல் கொன்றது. அந்நகரத்தோடு நாள்தோறும் கப்பல் வாணிகம் செய்துகொண்டிருந்த இலண்டனில் அந்நோய் பரவவில்லை. அதனைக் காண அவர் இல்லை.

அவர் சுரங்கங்கள் இந்நாளிலும் கழிநீர் சுமக்கின்றன. இருபத்தைந்து இலட்சம் மக்கள் இருந்த காலத்தில், முப்பத்து நான்கரை இலட்சம் பேருக்குப் போதுமாறு அவர் கணக்கிட்டார். இன்று இலண்டனில் வாழ்வோர் ஏறக்குறைய தொண்ணூறு இலட்சம். ஆகவே மழை பெய்தபோதெல்லாம் சுரங்கங்கள் நிரம்பி வழிந்து நதியை மீண்டும் கெடுத்தன. அவற்றை இடித்துக் கட்ட வேண்டிய தேவை எழவில்லை. வழிவதை ஏந்த நதிக்கடியே 25 கிலோமீட்டர் நீளமுள்ள புதுச்சுரங்கம் ஒன்றைக் குடைந்து, 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் முழுவதும் இணைத்தனர். அது கிழக்கே சென்று முடியுமிடம் ஆபி மில்ஸ். விக்டோரியா கரையின் மதிலில் 1901-இல் வைத்த பாஸல்ஜெட்டின் மார்பளவுச் சிலையொன்று இருக்கின்றது. அதன் அருகே நடப்போர் காலடியில் அவருடைய கீழ்மட்டச் சுரங்கம் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கின்றது.